பொலிவியா பயணம்: இரவு தூங்கும் உயரத்திலிருந்து தொடங்கிய திட்டம்

பொலிவியாவுக்குத் திட்டம் போடுபவர்கள் பெரும்பாலும் வரைபடத்தை விரித்து, பார்க்க வேண்டிய இடங்களைக் குறித்து, அவற்றுக்கு நடுவே பஸ்ஸும் விமானமும் தேடுவார்கள். வேறு பல நாடுகளுக்கு அது போதும். பொலிவியாவுக்குப் போதாது. ஒவ்வோர் இரவும் எந்த உயரத்தில் தூங்கப் போகிறோம் என்பதை முதலில் எழுதிவிட்டு, இடங்களை அதற்குப் பிறகுதான் அடுக்க வேண்டும். எங்கள் குடும்பப் பயணத்தை அப்படித்தான் அமைத்தோம். எந்த முடிவை ஏன் எடுத்தோம், அங்கே போன பிறகு எது எப்படி நடந்தது என்பதை இங்கே முழுதாக எழுதுகிறேன். வயதானவர்களை அழைத்துக்கொண்டு ஆண்டிஸ் மலைப் பக்கம் போக நினைப்பவர்களுக்குப் பயன்படும்.

போனவர்களும் கையில் வந்த முதல் திட்டமும்

நாங்கள் நான்கு பேர். அப்பாவுக்கு 61 வயது. அம்மாவுக்கு 57. அப்பாவின் அக்கா, பெரியத்தை, 67. அப்புறம் நான். பெரியத்தை பல வருடமாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், சுத்த சைவம். அம்மா தினமும் யோகா செய்பவர், காய்ச்சல் என்று படுத்துப் பார்த்ததில்லை. வீட்டில் எல்லோரும் கவலைப்பட்டது பெரியத்தையைப் பற்றித்தான்.

அப்பாவுக்கு உயுனி உப்புவெளியைப் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு டிட்டிகாகா ஏரி. "தம்பி, நீங்க எங்க கூட்டிட்டுப் போனாலும் வர்றேன், ஒரு இடத்துல நாலு நாள் உக்கார விடுங்க" என்று அத்தை சொல்லிவிட்டார். அந்த ஒரு வாக்கியம்தான் பிறகு திட்டத்துக்கே அச்சாணியானது.

ஒரு டிராவல் ஏஜென்சி கொடுத்த திட்டம் இப்படி இருந்தது: முதல் நாள் லா பாஸில் இறங்குவது. மறுநாள் டிட்டிகாகா, ஏரிக்கரையில் இரவு. திரும்பி லா பாஸ். அங்கிருந்து இரவு பஸ்ஸில் உயுனி. உப்புவெளியில் ஒரு நாள், அப்படியே தெற்கே ஏரிகளுக்கு ஜீப், செந்நிற ஏரியான லகுனா கொலராடா அருகே இரவு. பார்க்க வேண்டியது எதையும் விடாத திட்டம். ஆனால் தூங்கும் உயரத்தை மட்டும் வரிசையாக எழுதிப் பாருங்கள்: 3,640 மீட்டர், 3,840, மறுபடி 3,640, ஓர் இரவு பஸ்ஸில், 3,660, பிறகு ஏறத்தாழ 4,300. கடல் மட்டத்தில் வாழ்கிறவர்கள் ஒரே வாரத்தில் செய்ய வேண்டியது இது.

இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான பயண வரிசைகளும் ஏறக்குறைய இதே மாதிரிதான். அதற்குக் காரணம் உண்டு. பொலிவியாவுக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் பெரு நாட்டில் குஸ்கோ, புனோ எல்லாம் சுற்றிவிட்டுத் தரைவழியாக டிட்டிகாகாவைச் சுற்றி வருகிறார்கள். குஸ்கோவே 3,400 மீட்டர். லா பாஸ் வந்து சேரும்போது அவர்களின் உடம்பு ஏற்கெனவே பழகியிருக்கும். அவர்கள் எழுதி வைத்த வரிசையை சென்னையிலிருந்து விமானத்தில் போய் இறங்குகிறவர் அப்படியே எடுத்துக்கொண்டால் ஆபத்து.

உயரக் கணக்கு

பொலிவியாவை மூன்று படியாகப் பார்க்கலாம். மேற்கே ஆண்டிஸின் இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவே ஆல்ட்டிபிளானோ என்ற மேட்டுச் சமவெளி, சராசரியாக 3,700 மீட்டருக்குப் பக்கத்தில். லா பாஸ், உயுனி, டிட்டிகாகா எல்லாம் அங்கேதான். நடுவே பள்ளத்தாக்கு நகரங்கள்: சுக்ரே 2,810 மீட்டர், கோச்சபாம்பா 2,560. கிழக்கே தாழ்நிலம்: சாண்டா குரூஸ் நகரம் சுமார் 400 மீட்டர்தான்.

லா பாஸில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. விமானம் இறங்கும் எல் ஆல்ட்டோ நிலையம் இன்னும் மேலே, 4,061 மீட்டர். உலகிலேயே உயரமான சர்வதேச விமான நிலையம் அது. காற்று மெலிந்திருப்பதால் ஓடுபாதையே 4 கி.மீ. நீளம்.

உயரத்துக்கு உடம்பு பழகுவதில் பகலில் எவ்வளவு ஏறினோம் என்பதைவிட இரவில் எங்கே படுத்தோம் என்பதுதான் முக்கியம். அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசி சொல்வது இது: தாழ்வான இடத்திலிருந்து வருகிறவர்கள் ஒரே நாளில் 2,750 மீட்டருக்கு மேல் போய்த் தூங்குவதைத் தவிர்க்க வேண்டும், 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு தூங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஒரு நாள் கூடுதலாகத் தங்க வேண்டும். தலைவலி, கூடவே குமட்டல், பசியின்மை, தலைசுற்றல், அசதி இவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் மலைநோய் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே இதை சொரோச்சே என்பார்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். அரிதாக நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், அல்லது மூளை வீங்கும். அப்போது உடனே கீழே இறங்குவதுதான் உயிர் காக்கும் வழி.

பொலிவியாவின் தனிச் சிக்கல் இங்கேதான் வருகிறது. நேபாளத்தில் மலையேறுகிறவர் தலைவலி என்றால் வந்த பாதையிலேயே இறங்கினால் சில மணி நேரத்தில் 500 மீட்டர் கீழே போய்விடலாம். ஆல்ட்டிபிளானோ தட்டையான நிலம். உயுனியில் ஒருவருக்கு முடியாமல் போனால் வண்டியில் மணிக்கணக்காக ஓட்டினாலும் பெரும்பாலான திசைகளில் அதே 3,700 மீட்டரில்தான் இருப்பீர்கள், சில திசைகளில் அதைவிட மேலே. சட்டென்று இறங்க இடமில்லாத ஊருக்குப் போவதால், ஏறும் முன்பே பழகிக்கொண்டு போவதைத் தவிர வேறு வழியில்லை. ஏஜென்சியின் திட்டத்தை ஒதுக்கியதற்கு இதுதான் காரணம்.

தாழ்விலிருந்து தொடங்குவது

ஆக, சாண்டா குரூஸில் இறங்குவது என்று முடிவானது. இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. வளைகுடா வழியாகவோ அடிஸ் அபாபா வழியாகவோ சாவ் பாவ்லோ போய், அங்கிருந்து சாண்டா குரூஸ் போவது வசதியான வழி. மொத்தத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுத்தோம். தனித்தனி டிக்கெட் எடுத்தால் சாவ் பாவ்லோவில் பெட்டியை எடுத்து மறுபடி போட வெளியே வர வேண்டியிருக்கும். அதற்கு இந்தியப் பாஸ்போர்ட்டில் பிரேசில் விசா வேண்டும்.

உயரத்துக்கு நல்ல முடிவு. ஆனால் அதே முடிவு இன்னொரு சிக்கலைக் கொண்டுவந்தது. பொலிவியாவில் மஞ்சள் காய்ச்சல் ஆபத்து இருப்பது ஆண்டிஸுக்குக் கிழக்கே, 2,300 மீட்டருக்குக் கீழே உள்ள பகுதிகளில். சாண்டா குரூஸ் அதற்கு நட்ட நடுவில் இருக்கிறது. அதுமட்டுமல்ல, பொலிவியாவில் எங்கே சுற்றியிருந்தாலும் இந்தியா திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழைக் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டு பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். அதன்பின் ஆயுளுக்கும் செல்லும்.

இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசி. 60 வயதைத் தாண்டியவர்கள் முதன்முறையாகப் போட்டுக்கொள்ளும்போது, அரிதாக என்றாலும், கடுமையான பின்விளைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். எங்களில் அப்பா, அத்தை இருவருமே அந்த வயதினர். அத்தைக்கு உயரம்தான் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு உண்மையில் நின்று யோசிக்க வைத்தது இந்த ஊசிதான். வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் இருவரின் பழைய மருத்துவக் குறிப்புகளையும் முழுக்கப் பார்த்துவிட்டு, போடலாம் என்று சொன்ன பிறகே கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் முன்பதிவு செய்து போட்டுக்கொண்டோம். விமான டிக்கெட்டை அதற்குப் பிறகுதான் வாங்கினோம். வரிசை இதுதான்: முதலில் மருத்துவர், அப்புறம் ஊசி, கடைசியில் டிக்கெட். பணத்தைக் கட்டிவிட்டு மருத்துவரிடம் போனால் "போடலாம்" என்ற பதிலைத்தான் நம் மனம் எதிர்பார்க்கும்.

மலைநோய் வராமல் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை பற்றியும் அவரிடமே கேட்டோம். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். அத்தையின் ரத்த அழுத்த மாத்திரையோடு இது சேருமா என்பதெல்லாம் நாமாகப் படித்து முடிவெடுக்கும் விஷயமல்ல.

சாண்டா குரூஸில் களைப்பு தீர்ந்ததும் சமாய்பாட்டாவுக்குப் போனோம். சுமார் 120 கி.மீ. தொலைவில், 1,650 மீட்டரில் உள்ள சிற்றூர். அதன் மேலே எல் ஃபுயர்ட்டே என்ற பாறை இருக்கிறது. 200 மீட்டருக்கும் மேல் நீளமான ஒற்றை மணற்பாறையின் முதுகு முழுவதும் வாய்க்கால்களும் மாடங்களும் விலங்கு உருவங்களுமாகச் செதுக்கியிருக்கிறார்கள். இன்காக்களுக்கு முன்பே தொடங்கிய வேலை. 1998-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். பாறையின் மேல் ஏற விடுவதில்லை, சுற்றி மரப்பாதையில் நடந்து பார்க்கலாம். பெயர் பெற்ற இடங்களின் பட்டியலில் இது வராது. தூங்கும் உயரத்துக்கு ஒரு நடுப்படி தேடியதால் கிடைத்த இடம்.

சுக்ரேயில் நாலு ராத்திரி

சாண்டா குரூஸிலிருந்து சுக்ரேக்கு விமானத்தில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. தரைவழி மலைப்பாதையில் ஒரு முழுப் பகல் அல்லது முழு இரவு. அத்தையின் முதுகுக்காக விமானத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

சுக்ரேதான் பொலிவியாவின் அரசியலமைப்புத் தலைநகரம். அரசாங்கம் நடப்பது லா பாஸில். 1825 ஆகஸ்ட் 6 அன்று நாட்டின் விடுதலை அறிவிக்கப்பட்டது இங்குள்ள காசா தே லா லிபெர்த்தாத் கட்டடத்தில். வெள்ளையடித்த சுவர்களும் ஓட்டுக் கூரைகளுமாக, நடந்தே பார்க்கக்கூடிய ஊர். உயரம் 2,810 மீட்டர். சிடிசி சொல்லும் எல்லையை ஒட்டியே இருக்கிறது. அத்தை கேட்ட நாலு நாளை இங்கேதான் வைத்தோம்.

இரண்டு அறையும் அடுக்களையும் உள்ள வீடாக எடுத்திருந்தோம். அத்தை சென்னையிலிருந்தே சின்ன பிரஷர் குக்கர் ஒன்றைப் பெட்டியில் வைத்திருந்தார். பெட்டி எடை கூடுகிறது என்று நான் தடுத்தேன், அவர் கேட்கவில்லை. மேலே போகப் போகத்தான் அதன் அருமை தெரிந்தது. உயுனி உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும்; எவ்வளவு நேரம் கொதித்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. திறந்த பாத்திரத்தில் வைத்த துவரம்பருப்பு ஒன்றரை மணி நேரம் ஆகியும் கடிபடும். குக்கரில் வைத்தால்தான் வேகும். ஊறுகாய்ப் பொட்டலங்கள், சாம்பார்ப் பொடி கவர்கள் எல்லாம் மேலே போனதும் உப்பிப்போய் நின்றன. வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்ததால் உள்ளிருக்கும் காற்று விரிகிறது. எண்ணெய் சேர்ந்த பொட்டலத்தைத் துணிக்கு நடுவே வைக்காதீர்கள்.

சைவச் சாப்பாடு வெளியிலும் கிடைக்கும். ஆனால் சூப் என்றால் இறைச்சி வேகவைத்த தண்ணீர்தான் அடிப்படை என்பதால் கேட்டுத்தான் வாங்க வேண்டும். சந்தையில் பச்சைச் சோளத்தை அரைத்துப் பாலாடைக்கட்டி வைத்து, சோளமடலிலேயே பொதிந்து அவித்த உமிந்தா அத்தைக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவிக்கும்போது சிலர் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள், அதையும் கேட்டுக்கொண்டோம்.

சுக்ரேயில் நான் யாரையும் முதலில் பார்க்கச் சொல்வது பழங்குடித் துணி அருங்காட்சியகத்தைத்தான். ஹால்க்கா மக்களின் நெசவும் தராபுகோ மக்களின் நெசவும் அடுத்தடுத்த அறைகளில். தராபுகோத் துணியில் வரிசை வரிசையாக உழவு, திருமணம், திருவிழா. ஹால்க்காத் துணியில் கருப்பும் சிவப்பும் மட்டும். அதில் முதுகில் இன்னொரு விலங்கு முளைத்த விலங்குகள், மேலும் கீழும் இல்லாமல் மிதக்கும் உருவங்கள். முற்றத்தில் ஒரு பெண் சுவரில் சாய்த்த மரச்சட்டத் தறியின் முன்னால் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். எதிரில் வரைந்து வைத்த மாதிரி எதுவும் இல்லை. விரல் நுனியால் பாவு நூல்களை எண்ணிப் பிரித்து, எலும்புக் குச்சி ஒன்றால் ஊடையைத் தட்டி இறுக்குகிறார். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். இரண்டு பேருக்கும் பொதுமொழி கிடையாது. கடைசியில் அந்தப் பெண் தன் விரலால் அத்தையின் சேலைக் கரையைத் தொட்டு, நூல்களை எண்ணிப் பார்த்தார்.

நாங்கள் சும்மா இருந்ததாக இதைப் படிக்க வேண்டாம். தினமும் மாலையில் ஊருக்கு மேலே ரெக்கொலெத்தா சதுக்கம் வரை ஏறி இறங்கினோம். முதல் நாள் நடுவில் நின்று நின்று ஏறியவர்கள், கடைசி நாள் பேசிக்கொண்டே ஏறினோம். அடுத்த படிக்குப் போகலாம் என்பதற்கு அதுதான் அடையாளம்.

விதி பொருந்தாத இடம்

சுக்ரேக்கு அடுத்து வழக்கமான நிறுத்தம் போத்தோசி. 1545-இல் வெள்ளி கண்டுபிடிக்கப்பட்ட செர்ரோ ரிகோ மலையின் அடிவாரம். 17-ஆம் நூற்றாண்டில் உலகின் பெரிய நகரங்களில் ஒன்று. உயரம் 4,067 மீட்டர். அங்கே இரவு தங்கினால் சுக்ரேயிலிருந்து ஒரே நாளில் 1,250 மீட்டர் கூடிவிடும். உயுனியில் தங்கினால் 850 மீட்டர். அதுவும் 500-ஐத் தாண்டுகிறதுதான். நடுவில் தங்க வசதியான ஊர் கிடையாது. நிலத்தின் அமைப்பே அப்படி இருக்கும்போது விதியை எழுத்துக்கு எழுத்து பின்பற்ற முடியாது. எனவே போத்தோசியில் பகலை மட்டும் கழித்து, உயுனிக்குப் போய்த் தூங்குவது. உயுனி போனதும் மறுநாள் முழுக்க ஓய்வு. மருத்துவர் சொன்னபடி சுக்ரேயை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின நாளே மாத்திரையைத் தொடங்குவது என்று ஈடுகட்டினோம்.

காலையில் கிளம்பினால் சுக்ரேயிலிருந்து போத்தோசி மூன்று மணி நேரம், அங்கிருந்து உயுனி நான்கு மணி நேரம். தனி கார் எடுத்தோம். போத்தோசியில் காசா தே லா மொனேதா என்ற பழைய நாணயச்சாலையை மட்டும் பார்த்தோம். வெள்ளியைத் தகடாக உருட்டுவதற்கு ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்த பெரிய மரச்சக்கரங்கள் இன்னும் அப்படியே நிற்கின்றன. கீழ்த்தளத்தில் கோவேறு கழுதைகள் சுற்றிச் சுற்றி நடந்த இடம் பார்க்கலாம்.

சுரங்கத்துக்குள் சுற்றுலா அழைத்துப்போகிறார்கள். நாங்கள் போகவில்லை. அங்கே வேலை இன்னும் நடக்கிறது. தூசி நுரையீரலை அரித்து இளவயதிலேயே ஆட்களைக் கொண்டுபோகும் வேலை. 1570-களில் ஸ்பானிய ஆட்சி கொண்டுவந்த மித்தா என்ற கட்டாய உழைப்பு முறையில் பழங்குடி ஆண்களை முறைவைத்து இழுத்து வந்து கொன்ற மலை அது. அதைப் பார்த்து அறிந்துகொள்வது நல்லதுதான் என்பவர்கள் உண்டு, அந்தப் பணம் சுரங்கத் தொழிலாளர்களுக்குப் போகிறது என்பதும் வாதம்தான். எனக்கு ஒருவர் மூச்சு வாங்க வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பார்க்க மனம் வரவில்லை.

எழுதி வைத்த நிபந்தனைகள்

உயுனிக்குப் போகும் முன்பே, வீட்டிலேயே, ஒரு தாளில் எழுதி நான்கு பேரும் ஒப்புக்கொண்டிருந்தோம்: உயுனியில் இரண்டு இரவுக்குப் பிறகும் காலையில் தலைவலி இருப்பவர் தெற்கே ஏரிகளுக்கு வர மாட்டார். சாப்பாடு இறங்காதவரும் வர மாட்டார். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் அன்றைக்கே விமானத்தில் தாழ்நிலத்துக்கு. வயது பார்த்து, ஆசை பார்த்து விதிவிலக்கு கிடையாது. அங்கே போன பிறகு யோசித்தால், இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற எண்ணம் எல்லோரையும் பேச விடாது.

ஓய்வு நாளில் ஊருக்கு வெளியே உள்ள ரயில் கல்லறையை மட்டும் பார்த்தோம். கனிமம் சுமந்து பசிபிக் கடற்கரைக்கு ஓடிய நீராவி எஞ்சின்கள் துருப்பிடித்து நிற்கும் இடம். மறுநாள் உப்புவெளி. 10,582 சதுர கி.மீ., கண்ணுக்கு எட்டும் வரை வெள்ளை. நாங்கள் போனது மே மாதம்; தண்ணீர் வடிந்து, அறுகோண அறுகோணமாக உப்பு வெடித்து நிற்கும் காலம். வானம் தரையில் தெரியும் கண்ணாடிக் காட்சி வேண்டுமென்றால் ஜனவரியிலிருந்து மார்ச் வரை வர வேண்டும். அப்போது நடுவில் இருக்கும் இன்காஹுவாசி தீவுக்கு வண்டி போகாது, தெற்கத்திய பாதைகளும் அறுந்துபோகும். அப்பாவுக்குத் தீவின் கற்றாழைகளைப் பார்க்க வேண்டும், அதனால் உலர்காலத்தைத் தேர்ந்தெடுத்தோம். பத்து மீட்டர் உயர்ந்த அந்தக் கற்றாழைகள் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் வளர்பவை. ஒன்றின் அடியில் அப்பா தொப்பியைக் கழற்றிவிட்டு அண்ணாந்து நின்றார். உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கீழிருந்தும் சுடும். மோவாய்க்கு அடியிலும் மூக்குத் துவாரத்தின் ஓரத்திலும் சன்ஸ்கிரீன் தடவ வேண்டும்.

நிபந்தனைத் தாளின் வேலை அதற்கு அடுத்த காலையில் வந்தது. தலைவலியோடு எழுந்தவர் அம்மா. முந்தின இரவே சாப்பாட்டைப் பாதியில் வைத்திருந்தார். அத்தை தெம்பாக இருந்தார், காலையிலேயே கஞ்சி வைத்துக் குடித்திருந்தார். உயரத்தைத் தாங்குவதற்கும் உடற்பயிற்சிக்கும் தொடர்பில்லை, வயதானவர்களுக்குத்தான் அதிகம் வரும் என்பதும் இல்லை என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். கண்ணால் பார்க்கும்போதுதான் உறைத்தது. "நான் மாத்திரை போட்டுட்டு வர்றேனே" என்று அம்மா ஒருமுறை கேட்டார். அப்பா தாளை எடுத்துக் காட்டவில்லை. "நானும் இருக்கேன், நீ படு" என்று சொல்லிவிட்டார். மதியத்துக்கு மேல் தலைவலி விட்டது. கூடியிருந்தால் அன்றைக்கே லா பாஸ் வழியாகச் சாண்டா குரூஸ் போகும் விமானம் என்று முன்பே பார்த்து வைத்திருந்தோம்.

அத்தையும் நானும் தனி ஜீப்பில் போனோம். வழக்கமான மூன்று நாள் சுற்றில் இரண்டாம் இரவு 4,300 மீட்டரில். நாங்கள் அதைவிடத் தாழ்வாக, ஏறத்தாழ 4,000 மீட்டரில் உள்ள வில்லாமார் கிராமத்தில் தூங்கி, மறுநாள் லகுனா கொலராடாவைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். 4,850 மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் சோல் தே மஞ்ஞானா வெந்நீர் ஊற்றுகளையும் லிகன்காபூர் எரிமலையடி ஏரியையும் விட்டுவிட்டோம். வருத்தம்தான். ஆனால் அந்தச் செந்நிற நீர், நடுவில் வெள்ளைத் திட்டுகள், ஓரத்தில் கூட்டங்கூட்டமாக ஃபிளமிங்கோக்கள். ஆண்டிஸில் வாழும் மூன்று வகையும் அங்கே ஒன்றாகத் தெரியும். நீரின் நிறம் அதில் வளரும் பாசியால் வருவது. அந்தப் பாசியைத் தின்றுதான் பறவைகளுக்கும் அந்த நிறம். காற்று ஆளைத் தள்ளுகிறது. அத்தை கம்பளிக்குள்ளிருந்து கண்ணை மட்டும் வெளியே காட்டி, "வேடந்தாங்கலுக்கு வந்து என்ன பண்ணுதுங்களோ தெரியல, இங்க இதுங்க ராஜாங்கம்" என்றார்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் வண்டிக்காரரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டியவை: ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா, எரிபொருள் கையிருப்பு இருக்கிறதா. அண்மை ஆண்டுகளில் அந்நாட்டில் டீசல், பெட்ரோலுக்கு நீண்ட வரிசைகள் நின்றதுண்டு. பணமும் ரொக்கமாகத்தான். டாலருக்கு 6.96 பொலிவியானோ என்று 2011 முதல் அரசு பிடித்து வைத்திருந்த விகிதம், 2023-இல் டாலர் தட்டுப்பாடு தொடங்கியதும் தெருவில் மாற்றும் விகிதத்திலிருந்து விலகிப்போனது. போகும் சமயத்தில் நிலவரம் என்ன என்று பாருங்கள். கிழியாத, மடங்காத டாலர் நோட்டாக எடுத்துப்போவது எப்போதும் நல்லது. காப்பீடு எடுக்கும்போது உயர வரம்பு ஏதும் போட்டிருக்கிறார்களா என்று உள்ளே படித்துப் பாருங்கள். பல பாலிசிகளில் இருக்கும்.

லா பாஸும் ஏரியும் கடைசியாக

உயுனியிலிருந்து லா பாஸுக்கு ஒரு மணி நேர விமானம். எல்லோரும் முதலில் பார்க்கும் ஊர் எங்களுக்குக் கடைசி. அங்கேயும் தங்கும் உயரத்தைப் பார்த்தோம். லா பாஸ் ஒரு பெரிய பள்ளத்துக்குள் சரிந்து இறங்கும் நகரம். விளிம்பில் எல் ஆல்ட்டோ 4,100 மீட்டர், நடு ஊர் 3,640, தெற்கே சோனா சுர் பகுதி 3,300-க்குப் பக்கம். பார்க்க வேண்டியவை நடு ஊரில், ஆனால் அறையைத் தெற்கே எடுத்தோம். அன்று இரவுதான் அம்மா நன்றாகத் தூங்கினார்.

இறங்கி ஏறுவதற்கு மி தெலெஃபெரிகோ இருக்கிறது. 2014-இல் தொடங்கிய கேபிள் கார் வலை. இப்போது பத்து வழித்தடங்கள். சுற்றுலாவுக்காகக் கட்டியதல்ல, எல் ஆல்ட்டோவிலிருந்து தினமும் வேலைக்கு இறங்குகிறவர்களுக்காகக் கட்டியது. செந்நிறச் செங்கல் வீடுகளுக்கு மேலே, துணி காயும் மொட்டைமாடிகளை ஒட்டி அது போகும்போது, வானம் திறந்திருந்தால் 6,400 மீட்டர் தாண்டிய இலிமானி சிகரம் முழுதாகத் தெரியும்.

டிட்டிகாகாவை இறுதியில் வைத்ததற்கு உயரம் மட்டும் காரணமல்ல, சாலை மறியலும் ஒரு காரணம். பொலிவியாவில் கோரிக்கை என்றால் சாலையை அடைப்பதுதான் முறை. கற்களும் டயர்களும் போட்டு ஒரு நாளோ பல நாளோ அடைப்பார்கள். அரசின் நெடுஞ்சாலைத் துறை எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று இணையத்தில் வரைபடமாகவே காட்டுகிறது. தினமும் பார்க்கலாம். எங்கள் கணக்கு: ஏரிக்குப் போய்த் திரும்புவதற்கும் நாடு திரும்பும் விமானத்துக்கும் நடுவே ஒன்றும் வைக்காத நாட்களை விட்டுவைப்பது. நினைத்தபடியே ஏரிக்குக் கிளம்ப வேண்டிய காலையில் எல் ஆல்ட்டோவைத் தாண்டிய சாலை அடைபட்டிருந்தது. அன்றைக்குக் கேபிள் காரில் சுற்றிவிட்டு, திறந்த பிறகு போனோம். இன்காக்களுக்கு முற்பட்ட திவானாக்கு நகரத்தின் இடிபாடுகளை அதற்காக விட வேண்டியதாயிற்று.

திகீனா நீரிணையில் பஸ்ஸை ஒரு மரத் தெப்பத்தில் ஏற்றுகிறார்கள், பயணிகள் தனிப் படகில். 3,812 மீட்டரில், கடல் போல் நீலமாக இருக்கும் ஏரி. சூரியத் தீவில் படகுத்துறையிலிருந்து மேலே போகும் இன்காப் படிக்கட்டு செங்குத்தானது. அம்மா நிற்காமல் ஏறினார். அதே அம்மாவை ஏஜென்சித் திட்டப்படி இரண்டாம் நாளே இங்கே கொண்டுவந்திருந்தால் படகை விட்டு இறங்கியிருக்க மாட்டார் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

திரும்பும்போது கவனிக்க ஒன்று. அங்கே கோகா இலைத் தேநீர் எல்லா விடுதியிலும் கொடுப்பார்கள், சட்டப்படி சரியானது, நாங்களும் குடித்தோம். ஆனால் இலையோ தேநீர்ப் பையோ ஒன்றுகூடப் பெட்டியில் வரக் கூடாது. இந்தியாவின் 1985 போதைப்பொருள் சட்டத்தில் கோகா இலை தடை செய்யப்பட்ட பொருள். லா பாஸை விட்டுக் கிளம்பும் முன் நான்கு பெட்டிகளின் பக்கப் பைகளையும் கவிழ்த்துப் பார்த்தோம்.

இவ்வளவு நாள் இல்லாதவர்கள் எதை விடலாம் என்று கேட்கிறார்கள். தெற்கத்திய ஏரிகளை விடலாம், டிட்டிகாகாவைக்கூட இன்னொரு முறை பெருப் பக்கமிருந்து பார்க்கலாம். சாண்டா குரூஸ், சுக்ரே, உயுனி, லா பாஸ் என்ற வரிசையை மாற்ற வேண்டாம். சுக்ரேயின் இரவுகளை மூன்றுக்குக் கீழே குறைக்கவும் வேண்டாம்.